கேட்டால் சொல்கிற வீடு

பெற்ற தாய் சாகக் கிடந்தபோது என் தம்பி மகள் அது தெரியாமல் சோபாவில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இப்படித்தான் மரக்கட்டையாக வளரும் என்று அதற்கு ஒரு வாலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரோ பேசி முடித்ததை நான் ஒருநாளும் அப்படியே விட்டவன் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பிக்கு சோபா வேலை. பழைய சோபா, நாற்காலி, லாரி சீட்டு, எது வந்தாலும் பிரித்துப் போட்டு, ஸ்பிரிங் மாற்றி, ஃபோம் வைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பான். கீழ்த்தளத்தின் முன்பாதி முழுவதும் பட்டறை. நடுவில் துணி வெட்டுகிற பெரிய மேஜை. அதன் ஓரமாகத் தம்பி மனைவியின் தையல் மெஷின். ரெக்ஸினையும் தைக்கிற கனமான மெஷின், அது ஓடினால் மாடியில் என் டம்ளர் அதிரும். வேலைக்கு ஓர் ஆள் உண்டு. சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்காலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுத்தியலுக்குக் கொடுப்பார். அதனால் அவருக்கு ஆணிவாயர் என்று பெயர். அவர் பேசுவதில் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

மாடியில் நான் ஒருத்தன். ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணி பார்க்காமல் டீகூடக் குடிக்காதவன்.

பிள்ளை இரண்டாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். பிறகு அதுவே வழக்கமானது. பிள்ளை வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் மதியம் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள், உள்ளே வராமல். அவள் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தூக்கிக்கொண்டாள். அன்றே என்னிடம் வந்து சொன்னாள்.

"இனிமே அவ அங்க போக மாட்டா மாமா."

"வேற பள்ளிக்கூடம் பாப்போம்."

"எங்கயும் போக மாட்டா. நான் பாத்துக்கறேன்."

"எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போகாத பிள்ளைன்னு இதுவரைக்கும் ஒண்ணு கிடையாதும்மா."

"பாவாடையை நனைச்சுக்கிட்டு வாசல்ல நின்ன பிள்ளையும் இதுவரைக்கும் கிடையாதே மாமா."

வீட்டிலேயே பாடம் நடத்துவாள், கரும்பலகை வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை வெட்டு மேஜைக்கு அடியில், ஃபோம் துண்டுகளைக் குவித்து அதற்குள் படுத்துக் கிடந்தாள். பத்து மணிக்கு எழுவாள், மூன்று மணிக்குச் சாப்பிடுவாள். மாதக்கணக்காக இப்படி.

"ஒரு நேரம் காலம் வேண்டாமாம்மா? பகல்ல தூங்குது, சாயங்காலம் பல் விளக்குது."

"முழிப்பு வரும்போது எழுந்திருக்கட்டும் மாமா. நேரத்துக்குக் கிளப்பறதுக்கு அவ என்ன உங்க ரயிலா?"

ஆணிவாயர் சிரித்ததில் ஓர் ஆணி தரையில் விழுந்தது. நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

கோடையில் ஒருநாள் மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இதை அமுக்கினா ஏன் திரும்பி வருது?" கையில் ஒரு பழைய ஸ்பிரிங். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அன்று பகல் முழுவதும் பட்டறையில் வேலை நடக்கவில்லை. இருந்த ஸ்பிரிங்கை எல்லாம் கொட்டி, கம்பியை வளைத்து, நிமிர்த்தி, நெருப்பில் காட்டி, தாயும் மகளும் கையெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த நான் சமையலே ஆகாததைப் பார்த்து, ரொட்டியை நின்றபடி தின்றுவிட்டுப் போனேன். பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதால் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அதிலிருந்துதான் அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. பிள்ளை கேட்டால் கேட்டதற்கு முழு உண்மையைச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் விஷயம், உனக்குப் புரியாது என்றெல்லாம் தள்ளக் கூடாது. கேட்காததைத் திணிக்கக் கூடாது. யாராவது தன்னை மறந்து புத்தி சொல்லத் தொடங்கினால் பிள்ளை, "நான் கேக்கலையே" என்பாள். சொன்னவர் உடனே நிறுத்திவிட வேண்டும். நான் உட்பட. இந்த வயதில் ஒரு சின்னப் பெண் என்னை வாயடைக்கிறாள் என்று கொதித்திருக்கிறேன். ஆனால் நிறுத்தினேன். வீட்டுக்கு ஒரு சட்டம் என்றால் அது எல்லோருக்கும்தான்.

கணக்கை அவள் துணி வெட்டுவதில் கற்றாள். ஒரு துணிக்கட்டில் எத்தனை நாற்காலி போர்த்தலாம், மீந்ததில் எத்தனை திண்டு தைக்கலாம் என்று தம்பியை முந்திக்கொண்டு சொல்வாள். எழுத்து மட்டும் வரவில்லை. ஒருநாள் புதிதாக இறங்கிய மூட்டையின் முன்னால் நின்று, "நனையாமல் வைக்கவும்" என்று படித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஆணிவாயர் வாயிலிருந்த ஆணியை எல்லாம் கையில் துப்பிவிட்டு, "வக்கீலம்மா படிச்சிட்டாங்க!" என்று கத்தினார். வளைத்து வளைத்துக் கேள்வி கேட்பதால் அவர் வைத்த பெயர் வக்கீலம்மா. தெருவில் அதுவே நிலைத்தது.

எதிரே மருந்துக்கடை. அந்தக் கடைக்காரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன சார், உங்க வக்கீலம்மாவுக்கு இன்னிக்கும் லீவா?" என்பாள்.

"எங்க வீட்டுல லீவே கிடையாதும்மா. உங்க பசங்களுக்குத்தான் வாரத்துல ரெண்டு நாள்" என்பேன். உள்ளே நான் தம்பி மனைவியோடு சண்டை போடுவது வேறு விஷயம். அது வீட்டுக்குள்.

பிறகு தம்பி மனைவிக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கிழித்துப் பார்த்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னையும் தம்பியையும் வெளியே நிற்க வைத்துச் சொன்னார். தம்பி, "சரிங்க" என்றான். வாடிக்கையாளர் அளவு சொன்னால் தலையாட்டுவதைப் போலச் சொன்னான்.

உள்ளறையில் படுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டறையிலேயே, தன் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறேன் என்றாள். தம்பியும் ஆணிவாயரும் அவளுக்காக ஒரு நீள சோபா செய்தார்கள். சாய்வைக் குறைத்து, கை வைக்கும் பக்கத்தை எடுத்துவிட்டு, பட்டையை நெருக்கிப் பின்னி. சுத்தியல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பிள்ளை ஃபோம் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்பால் அழுத்திப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இழுத்துக்கொண்டு வந்து அப்பா காலடியில் போட்டாள். இது எதற்கு, யார் படுக்க, ஏன் இத்தனை மெத்தென்று வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுருட்டிய நூலுக்கும் கேள்வி வைத்திருப்பவள் கேட்கவில்லை.

நாளாக ஆக எனக்கு அது உறைத்தது. எறும்பைப் பற்றிக் கேட்டாள், இடியைப் பற்றிக் கேட்டாள், பசை ஏன் முதலில் குளிர்கிறது என்று கேட்டாள். சோபாவில் ஒரு குச்சியாகக் கிடக்கிறவளைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

"பிள்ளைகிட்ட சொல்லிடும்மா" என்றேன். தம்பி பக்கத்தில் ரெக்ஸின் மடித்துக்கொண்டிருந்தான்.

"கேப்பா மாமா. கேக்கும்போது சொல்லுவேன்."

"கேக்கறதுக்கு இது என்ன ஸ்பிரிங்கா? நாள் இருக்கற விஷயமா இது?"

"நாள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா மாமா?"

"அப்புறம் என்ன பிடிவாதம்?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவளுக்கு நான் குடுத்தது அது ஒண்ணுதான். அவ கதவைத் தட்டாம யாரும் உள்ள வரமாட்டாங்கன்னு. இப்ப நானே உடைச்சுக்கிட்டு நுழையறதா? அதுவும் இதைச் சுமந்துக்கிட்டு?"

"டேய், நீ சொல்லுடா" என்றேன் தம்பியிடம்.

"அவ சொல்றதுதாண்ணே" என்றான். மடித்த ரெக்ஸினையே மறுபடி மடித்தான்.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. சட்டத்தை உடைக்காமல் ஒரு வழி பார்த்தேன். அவளையே கேட்க வைத்துவிட வேண்டும். மழை பிடித்திருந்த ஒரு நாள், ஆணி வாங்கப் போகலாம் என்று குடையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"உங்கம்மா இப்பல்லாம் சூப்புகூடக் குடிக்க மாட்டேங்கறா, பாத்தியா?"

"மழை ஏன் பெரிப்பா சாஞ்சு பெய்யுது?"

"காத்து தள்ளுது. அதனால." கொஞ்ச தூரம் நடந்தோம். "டாக்டர் அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னார்."

"காத்தை யாரு தள்றா?"

"அது... ஒரு இடத்துல சூடு, ஒரு இடத்துல குளிர்ச்சி. சூடானது மேல போகும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு ஓடி வரும். குட்டி, உங்கம்மாவுக்கு..."

"நான் கேக்கலையே பெரிப்பா."

குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. குடைக்கு வெளியே கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். என் விரலைப் பிடித்திருந்த இன்னொரு கை மட்டும் நகம் பதிய இறுகியது. கடையில் ஆணி வாங்கியதும், திரும்பி வந்ததும் எனக்கு ஞாபகம் இல்லை.

பிள்ளை சமையலறைக்குள் போனதும் நான் சோபா பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவளுக்குத் தெரியும்மா."

தம்பி மனைவி கண்ணைத் திறந்தாள். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவியே. கேக்காத வரைக்கும் அது உண்மை இல்லதானே அவளுக்கு."

அவள் முகத்தைச் சோபாவின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் அசைந்தது. ஆணிவாயர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

"அவளைக் கூப்பிடுங்க மாமா" என்றாள் கடைசியில்.

பிள்ளை வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தாய் அதை எடுக்கக் கையைத் தூக்கி, எட்டாமல், கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா கண்ணு?"

அந்த வீட்டில் அப்படி யாரும் அவளைக் கேட்டதே இல்லை. பிள்ளை அம்மாவையும் என்னையும் மேஜையருகே நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கு."

"கேளு."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சோபாவுக்குச் சுவத்துப் பக்கம் யாரும் பாக்கவே மாட்டாங்களே. அங்க ஏம்மா நல்ல துணி போடணும்?"

அவள் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "போடறதில்ல கண்ணு. அங்க மட்டத் துணிதான். உங்கப்பா மொத்தத்துக்கும் நல்ல துணி விலை போட்டுடுவார்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். கேட்டால் உண்மையைச் சொல்கிற வீடு என்று எழுதிவிட்டு இதை மட்டும் மறைக்க முடியாது.

"அவ்வளவுதான் கேக்கணுமா?"

"அவ்வளவுதான்" என்றாள் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவின் முழங்காலுக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்கல்ல மாமா? வேண்டாங்கறா" என்றாள் தாய், பிள்ளை தூங்கிய பிறகு. "படிக்கறதுல மட்டும் அவ இஷ்டம்னு சொல்லிட்டு, இதுல என் இஷ்டம்னா எப்படி?"

"மனசு மாறிக் கேட்டா?"

"அதுக்குத்தான் முழிச்சிருக்கேன்."

அதை அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை. மருந்துக்கடையிலிருந்து பலமான மருந்து வந்தது. குடித்தால் வலி அடங்கும், ஆனால் ஆள் தூங்கிவிடும். அவள் பகலில் அதைத் தொட மறுத்தாள். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் கையை ஊன்றி நிமிரப் பார்ப்பாள். பிள்ளை, பசை டப்பா எங்கே என்பாள், அல்லது வானவில் வட்டமா என்பாள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி சரிவாள். உதட்டைக் கடித்துக் கடித்து அதில் ரத்தம் கட்டியிருந்தது.

மருந்தைக் கொடுக்க ஒருநாள் அந்தக் கடைக்காரம்மாவே வந்தாள். அப்போது ஒரு பெரிய சோபா வேலை முடிந்து நின்றது. முடிந்த சோபாவில் ஏறிக் குதித்து எந்த ஸ்பிரிங் கிரீச்சிடுகிறது என்று கேட்டுச் சொல்வது பிள்ளையின் வேலை. அவள் காது தம்பி காதைவிடக் கூர்மை. வாடிக்கையாளர் வரும் நேரம். பிள்ளை தன் வேலையைச் செய்தாள். தன் சோபாவில் கிடந்த தாய், "இடது மூலை கண்ணு, இடது மூலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் ஓடுகிற கதை அங்கே பிறந்தது. கடைக்காரம்மா பார்த்தது குதிப்பதை மட்டும்தான். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மூட்டை சுமக்கிறவளைப் போலக் குதித்தாள்.

இரண்டு மூன்று நாளில் மழை விட்டது. ஒரு முற்பகலில், பிள்ளை தரையில் உட்கார்ந்து சிதறிய ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தாய் போய்விட்டாள். பிள்ளைதான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். காந்தத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய் மெஷினுக்கு உறை போட்டாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் அம்மா தினமும் செய்கிற காரியம் அது. அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதது தம்பிதான், பட்டறையே இடிந்து விழுகிற மாதிரி.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் தின்றாள், கூப்பிட்டால் வந்தாள். கேள்வி இல்லை. ஆணிவாயர் வேண்டுமென்றே நாற்காலி உறையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டார். கால்களை மேலே வைத்து ஒரு ஸ்டூலைப் பூட்டினார். "என்ன வக்கீலம்மா, சரியா இருக்கா?" என்று காத்து நின்றார். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மனிதர் ஸ்டூலைப் பிரித்து மறுபடி சரியாகப் பூட்டினார். வெட்டு மேஜைக்கு அடியில் இப்போது அவளால் நுழைய முடியவில்லை, வளர்ந்துவிட்டாள். அதன் காலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

வெயில் திரும்பிய ஒரு மதியம். நானும் இப்போதெல்லாம் கீழேதான் இருக்கிறேன். பழைய நாற்காலியில் ஆணி பிடுங்குகிற வேலை எனக்கு. தம்பி மேஜையில் நீல ரெக்ஸினை விரித்து, சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டத் தொடங்கியிருந்தான்.

"பெரிப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

அனுமதி கேட்டுக் கேள்வி கேட்டு அவளை நான் பார்த்ததில்லை. கிடுக்கியைக் கீழே வைத்தேன்.

"கேளும்மா."

"நான் கேப்பேன்னு அம்மா காத்துக்கிட்டு இருந்தாங்களா?"

கத்தரி ஒரு கணம் நின்றது. தம்பி திரும்பவில்லை. பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தைப் பொய். ஆனால் போனவள் அந்த வீட்டில் விட்டுப்போனது அந்த ஒரு சட்டம். அவள் இல்லை என்பதற்காக அதை நான் மீற முடியாது.

"ஆமாம்மா. இருந்தா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"மருந்து வேண்டாம்னாங்களே. அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கணக்கு சரியாக வந்தால் ஆட்டுவதைப் போல. தரையிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள், விரல் நுனி வெளுக்கும்வரை.

"பள்ளிக்கூடத்துல கேக்காமலே சொல்லிடுவாங்கல்ல பெரிப்பா?"

"சொல்லிடுவாங்கம்மா."

"அப்ப என்னை அங்க சேத்து விட்டுடுங்க."

நான் வருடக்கணக்காக அந்த வீட்டில் கேட்டுப் பெற முடியாத வார்த்தை அது. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. கத்தரி மறுபடி ஓடியது. தம்பி ரெக்ஸினை வெட்டிக்கொண்டே போனான். சாக்பீஸ் கோடு முடிந்தது. அதைத் தாண்டியும் வெட்டினான், துணியின் மறுமுனை வரைக்கும்.